குட்டானுக்குள் சீனி

கல்லடிப் பாலத்துக்கு அப்பால், வெளியூர்ப் பயணிகள் வாகனத்தை நிறுத்தி இறங்கும் வீதியோரத் தட்டு ஒன்றில் சென்ற கிழமை பனங்கட்டி வாங்கினோம். பனையோலைக் குட்டான். நெருக்கமான, அழகான பின்னல். மேலே ஒட்டிய கடதாசித் துண்டில் மூன்று வரிகள்: சுத்தமான பனங்கட்டி, இயற்கையானது, சலரோகக்காரருக்கு உகந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பெரியம்மாவிடம் கொடுத்தோம். எழுபதைத் தாண்டியவர், படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவர். வாயில் போட்டுப் பார்க்கவில்லை. பாக்குவெட்டியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டினார். கட்டி கண்ணாடி போல உடைந்தது. உடைந்த பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பொடிப்பொடியாக மினுங்கியது.

“என்ன மனே, காசு குடுத்தா வாங்கின நீ? குட்டான் மட்டுந்தான்கா பனை. உள்ளுக்க சீனி.”

அவர் சொன்னதற்கு மேல் இந்தத் தலையங்கம் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சொல்லவேண்டியவர்களின் காதில் விழும்படி சொல்வதே எங்கள் வேலை.

சீனியைப் பனங்கட்டி என்று விற்பவர்களைக் கண்டிக்கிறோம். பனங்கட்டியை மருந்து என்று விற்பவர்களைக் கண்டிக்கிறோம். இரண்டையும் தடுக்கும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டவருக்கு ஒரு விளக்கமும் கேளாதவருக்கு மௌனமும் தந்துவரும் பொறுப்பாளர்களை எல்லாரிலும் கடுமையாகக் கண்டிக்கிறோம்.

ஏமாற்றின் கனம் புரியவேண்டுமானால் உண்மையான பொருள் எப்படி வருகிறது என்பது தெரிந்திருக்கவேண்டும். மாரி ஓய்ந்து வெயில் ஏறும்போது பனையில் பாளை வரும். சீவல் தொழிலாளி இருள் பிரியுமுன் மரம் ஏறுகிறார். பாளையை இடுக்கித் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, முட்டி கட்டுகிறார். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருக்கவேண்டும். பூசாவிட்டால் மதுவம் சில மணி நேரத்தில் இனிப்பைக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பு சரியாகப் பிடித்தால், புளிக்காத இனிப்புச் சாறான கருப்பணி கருப்பணியாகவே இறங்கும். ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்துபோகும். ஆகவே காய்ச்சல் என்றாலும் கலியாணம் என்றாலும் மரத்துக்கு விடுமுறை கிடையாது.

இறக்கியது தரைக்கு வந்தபின் பெண்களின் வேலை தொடங்குகிறது. கருப்பணியில் இனிப்பு பத்து, பன்னிரண்டு வீதம், மிச்சமெல்லாம் தண்ணீர். ஒரு கிலோ கட்டி வேண்டுமானால் எட்டு, பத்து லீற்றரை வடித்து, சுண்ணாம்பு தெளியவிட்டு, தாச்சியில் ஊற்றி, மணிக்கணக்காக அடுப்பெரிக்கவேண்டும். நுரை பொங்கும்போது கை ஓயாமல் துழாவவேண்டும். பாகு தடிக்கையில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரல்களுக்கிடையில் உருட்டிப் பதம் பார்க்கவேண்டும். பதம் முந்தினால் உறையாது; பிந்தினால் கருகும். சரியான நேரத்தில் குட்டானுக்குள் வார்த்தால்தான் அது பனங்கட்டி.

சீனியைக் கலப்பவருக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. ஒரு மூடை சீனி, வாசனைக்குக் கொஞ்சம் கருப்பணி அல்லது பழைய கட்டி, நிறத்துக்குக் கருக்கிய சீனிப்பாகு, சிறிது நேர அடுப்பு. மரம் ஏறவேண்டியதில்லை; விழுந்து முள்ளந்தண்டு முறியவேண்டியதுமில்லை. சந்தையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரிக் குட்டானில், ஒரே பெயரில் உட்கார்ந்திருக்கின்றன. விலையைக் கேட்கும் வாடிக்கையாளர் எதை எடுப்பார் என்று சொல்லவேண்டுமா? கலப்படக் கட்டி ஒன்று விற்கும்போது நல்ல கட்டி ஒன்று தேங்குகிறது. தேங்கிய கட்டியின் சொந்தக்காரர் அடுத்த பருவம் கருப்பணியை மறந்து கள்ளுக்கு முட்டி கட்டுகிறார். அல்லது மகனை மேசன் வேலைக்கோ மத்திய கிழக்குக்கோ அனுப்பிவிடுகிறார். மரம் நிற்கிறது. ஏறத் தெரிந்த கால் போய்விடுகிறது.

வாங்கும் நாங்களும் சுத்தமானவர்கள் இல்லை. உண்மையான கட்டி வாவிக்கரைக் காற்றில் சும்மா இருக்காது. மாரி ஈரம் பட்டால் வேர்க்கும், இளகும், ஓலையோடு ஒட்டும். நிறம் ஒரு முட்டிக்கு ஒரு மாதிரி இருக்கும். நாக்கின் ஓரத்தில் மெல்லிய உவர்ப்பு நிற்கும். இவற்றையெல்லாம் குறை என்று ஒதுக்கியவர்கள் நாங்கள்தான். மழையிலும் கல்லுப் போல நிற்கும், ஒரே நிறத்தில் பளபளக்கும் கட்டியைத் தேடி எடுத்து, நல்ல சாமான் என்று பாராட்டினோம். கலப்படக்காரர் எங்கள் விருப்பத்தைக் கேட்டறிந்தே சமைத்திருக்கிறார். இதே நோய் வீதியோரத்துத் தேன் போத்தலையும், தயிர்ச் சட்டியோடு சேர்த்து விற்கும் பாணியையும் பிடித்திருக்கிறது. எருமைத் தயிருக்குப் பெயர்போன மண்ணில், அந்தத் தயிரின்மேல் ஊற்றுவது என்னவென்று தெரியாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

இனிக் கடதாசியின் மூன்றாவது வரிக்கு வருவோம். இந்த இடத்தில் பனையை நேசிப்பவர்களின் மனம் சற்று நோகும். நோகட்டும்.

பனங்கட்டி சலரோகக்காரருக்கு உகந்தது அல்ல. கலப்படக் கட்டியைச் சொல்லவில்லை. அப்பழுக்கற்ற கட்டியைத்தான் சொல்கிறோம். அதன் பெரும்பங்கு சுக்குரோசு. சீனியும் அதே சுக்குரோசுதான். பனங்கட்டியில் கல்சியம், பொட்டாசியம், இரும்பு போன்றவை கொஞ்சம் உண்டு. வெள்ளைச் சீனியில் அவை இல்லை என்றே சொல்லலாம். அந்த அளவில் அது மேலானது, சுவையில் பல மடங்கு மேலானது. ஆனால் குருதிக்குள் போகும் குளுக்கோசுக்கு அது எந்த மரத்திலிருந்து வந்தது என்ற ஞாபகம் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டல், உணவில் சேர்க்கும் சர்க்கரைகளோடு தேனையும் பாணிகளையும் ஒரே கணக்கில் வைத்தது. அந்த மொத்தம் ஒரு நாள் சக்தியில் பத்து வீதத்துக்குள் இருக்கவேண்டும், ஐந்து வீதத்துக்குள் வந்தால் இன்னும் நல்லது என்றது. ஐந்து வீதம் என்பது ஏறத்தாழ 25 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் ஆறு. பனங்கட்டியைக் கடித்துக் கடித்து மூன்று வேளை வெறுந்தேத்தண்ணி குடிப்பவர் அந்த ஆறையும் பொழுது சாயுமுன்பே முடித்துவிடுவார்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. இலங்கையில் வயதுவந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உண்டு என்று 2018–19இல் நாடளாவிய ஆய்வு கண்டது. அவர்களில் எத்தனையோ பேர், வைத்தியர் சீனியை நிறுத்தச் சொன்ன நாளிலிருந்து பனங்கட்டிக்கு மாறியவர்கள். “சீனிய உட்டுட்டன் டொக்டர், இப்ப பனங்கட்டிதான்” என்று கிளினிக்கில் பெருமையோடு சொல்பவர்களை எங்களில் யார்தான் பார்க்கவில்லை? அவர்கள் கட்டுப்பாடு இல்லாதவர்கள் அல்லர். கடதாசியை நம்பியவர்கள். ஒரு நோயாளியின் நம்பிக்கையை விற்று நாலு காசு பார்ப்பதை வியாபாரம் என்று சொல்ல எங்கள் பேனா ஒப்பவில்லை.

நகரத்துக் கடைகளில் இப்போது இன்னொரு பொதியும் வந்துவிட்டது. சீனித்துளசி, ஸ்டீவியா என்ற பெயர்களில் பச்சை இலைப் படம் போட்ட சிறு பைகள். அந்தச் செடியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் பராகுவே. அதன் இலையில் உள்ள இனிப்புப் பொருள் சீனியை விட 200 முதல் 300 மடங்கு இனிக்கும்; குருதிச் சர்க்கரையை ஏற்றாது. இதுவரை சொல்வது உண்மை. சொல்லாமல் விடுவது என்ன? இவ்வளவு கூர்மையான இனிப்பைத் தேக்கரண்டியால் அள்ள முடியாது என்பதால் பையை நிரப்ப வேறொரு தூள் சேர்க்கவேண்டியிருக்கிறது. சிலவற்றில் அது எரித்திரிட்டோல். சிலவற்றில் டெக்ஸ்ரோசு அல்லது மோல்ரோடெக்ஸ்ரின், அதாவது குருதியில் சர்க்கரையாகவே முடியும் பொருள். முன்பக்கத்தில் இலை, பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், தூள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சீனியற்ற இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம் என்று பரிந்துரைத்தபோது ஸ்டீவியாவையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்தப் பரிந்துரை உள்ளடக்கவில்லை. அவர்கள் தம் வைத்தியரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும். அந்த முடிவை இலைப் படம் எடுக்கக்கூடாது.

குட்டானும் பையும் வெவ்வேறு ஊர்ச் சரக்கு. குற்றம் ஒன்றுதான். தாவரத்தின் பெயரை முன்னால் நிறுத்தி, உள்ளே இருப்பதை மறைப்பது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், ஓர் உணவின் தன்மை, பெறுமதி, தரம், கலவை பற்றித் தவறான எண்ணம் பிறக்கும் வகையில் சுட்டியிடுவதையும் விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் தடை செய்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது. பிரதேசம்தோறும் சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் இருக்கிறார்கள். 1978 முதல் பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. யாழ்ப்பாணம் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. இத்தனையும் இருக்க, பாக்குவெட்டியோடு பெரியம்மா ஏன் பரிசோதகர் வேலை பார்க்கவேண்டும்?

கண்டுபிடிக்க முடியாது என்று யாரும் கைவிரிக்கவேண்டாம். கரும்பும் பனையும் காற்றிலிருந்து காபனை எடுக்கும் வழி வேறு. கரும்பு, சோளம் போன்றவை பாரமான காபன்-13ஐச் சற்று அதிகமாக ஏற்றுக்கொள்ளும். பனை, தென்னை, நெல் போன்றவை குறைவாக ஏற்கும். அந்த விகிதம் இனிப்புக்குள்ளேயே தங்கிவிடும். காய்ச்சினாலும் கரைத்தாலும் நிறம் போட்டாலும் மாறாது. தேனுக்குள் கரும்புச் சீனி கலந்ததை உலகெங்கும் ஆய்வுகூடங்கள் இந்தச் சமதானிச் சோதனையால்தான் பல ஆண்டுகளாகப் பிடித்துவருகின்றன. எங்கள் கடைகளில் விற்பது கரும்புச் சீனி. பனங்கட்டிக்குள் அது புகுந்தால் தன் பிறப்புச் சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே புகுகிறது. கேட்டுப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அரசுக்குச் சீனியின் மேல் அக்கறையே இல்லை என்று சொன்னால் அநியாயம். 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறக்குறி போட வைத்தார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு. 2017 நவம்பரில் பானத்திலுள்ள சர்க்கரைக்குக் கிராம் கணக்கில் வரி போட்டார்கள். நல்ல காரியங்கள், பாராட்டுகிறோம். ஆனால் 2020 ஒக்டோபரில் அதே அரச கை, இறக்குமதிச் சீனியின் விசேட பண்ட வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தது. திறைசேரி இழந்தது 1,500 கோடி ரூபாவுக்கு மேல். கடையில் சீனி அந்த அளவுக்கு மலியவில்லை என்பது வாங்கிய எல்லாருக்கும் தெரியும். வரி மீண்டும் 50 ரூபாவுக்கு ஏற 2023 நவம்பர் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டில்தான் தென்னை, கித்துள், பனை என்று மூன்று மரங்களையும் தன் பெயரிலேயே சுமந்த ஓர் இராஜாங்க அமைச்சும் பிறந்தது. மரத்துக்குக் கிடைத்தது பெயர்ப்பலகை. சீனிக்குக் கிடைத்தது வரிச்சலுகை.

கரும்புக்கு இந்தக் கிழக்கு மாகாணத்திலேயே நிலமும் நீரும் ஆலையும் கொடுத்தார்கள். கல்லோயாவின் நீரை நம்பி ஹிங்குராணையில், வடக்கே கந்தளாயில். இத்தனைக்குப் பிறகும் நாட்டின் சீனித் தேவையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் உள்ளூரில் விளைகிறது. பனை வாய்க்கால் கேட்கவில்லை, உரம் கேட்கவில்லை. வாகரை மணலிலும் நின்றது, படுவான்கரை வயல் வரம்பிலும் நின்றது. யுத்த காலத்தில் பதுங்கு குழிகளுக்குக் குற்றியாய்ப் போனது. மிஞ்சியதை வேலிக்கும் வீட்டுக்கும் தறிக்கிறார்கள். அனுமதியின்றிப் பனை தறிக்கக்கூடாது என்ற சட்டம் 1951இலேயே வந்தது யாருக்கும் ஞாபகமில்லை. இன்று ஊன்றும் விதை பாளை விட பதினைந்து, இருபது ஆண்டு ஆகும். தறிப்பவருக்கு அரை மணி நேரம் போதும்.

மீண்டும் சொல்கிறோம்: பனங்கட்டி மருந்து என்று நாங்கள் வாதாடவில்லை. அளவோடு தின்னவேண்டிய இனிப்பு அது. எப்படியும் ஏதோ ஓர் இனிப்பைத் தின்னத்தான் போகிறோம் என்றால், கப்பலில் வந்த மூடையை விட, எங்கள் மண்ணில் நின்ற மரமும் அதில் ஏறிய மனிதரும் அடுப்படியில் புகை குடித்த பெண்ணும் அந்தக் காசைப் பெறட்டும் என்கிறோம். அந்தக் காசு அவர்களைச் சேரவேண்டுமானால் பெயர் உண்மையாக இருக்கவேண்டும். பொய்ப் பெயரில் விற்கும் ஒவ்வொரு குட்டானும் சீவல் தொழிலாளியின் கூலியிலிருந்து திருடியது.

ஆகவே, திருத்தத்தைக் கோருகிறோம்.

ஒன்று: கருப்பணியை மட்டும் காய்ச்சி வார்த்ததே பனங்கட்டி என்ற பெயரைச் சுமக்கவேண்டும். சீனி சேர்த்தால், எத்தனை வீதம் என்பதைப் பெயருக்குப் பக்கத்தில், பெயரின் அதே அளவு எழுத்தில் போடவேண்டும். சோடாப் போத்தலுக்கு நிறம் போட வைத்த அரசுக்குக் குட்டானில் ஒரு வரி போட வைப்பது பெரிய வேலை அல்ல.

இரண்டு: சலரோகக்காரருக்கு உகந்தது என்ற வாசகம் பனங்கட்டி, தேன், பாணி அனைத்திலிருந்தும் உடனே இறங்கவேண்டும். ஸ்டீவியாப் பைகளில் நிரப்புத் தூளின் பெயர் முன்பக்கத்துக்கு வரவேண்டும்.

மூன்று: வைகாசிக்கு முன் மாதிரிகள் எடுக்கவேண்டும். கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து, ஊர் ஊராகப் பொங்கல் பொங்கும் காலம் அது; இனிப்புக்குக் கேள்வி ஏறும், கலப்படமும் ஏறும். எடுத்த மாதிரிகளைச் சமதானிச் சோதனைக்கு அனுப்பி, முடிவுகளைக் கடைப் பெயரோடு வெளியிடவேண்டும். எச்சரித்து அனுப்பினோம் என்ற ஒற்றை வரி அறிக்கை எங்களுக்கு வேண்டாம்.

நான்கு: பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே, கருப்பணிக்கு உழைப்பின் பெறுமதி தெரிந்த கொள்வனவு விலை வேண்டும். மரமேறுவோருக்கு விபத்துக் காப்புறுதியும் பாதுகாப்பான ஏறு கருவியும் வேண்டும். எந்த ஊரில் இறக்கியது, எந்தச் சங்கம் காய்ச்சியது என்று சொல்லும் முத்திரை ஒவ்வொரு குட்டானிலும் இருக்கவேண்டும்.

ஐந்து: 1951ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டி எடுக்கவேண்டும். தறித்த ஒவ்வொரு பனைக்கும் பதிலாக எத்தனை வளர்ந்து நிற்கின்றன என்ற கணக்கைப் பிரதேச செயலகங்கள் வைத்திருக்கவேண்டும். ஊன்றிய விதையின் எண்ணிக்கையைச் சொல்லி ஏமாற்றவேண்டாம்.

மற்றவருக்கு விரல் நீட்டும்போது எங்கள் பக்கமும் ஒரு விரல் திரும்பத்தான் வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்கள் தாராளமாக உண்ணலாம் என்று சொல்லும் இனிப்பு விளம்பரங்கள் இந்தப் பத்திரிகையின் பக்கங்களிலும் வந்திருக்கின்றன. காசு வாங்கி அச்சிட்டோம். வாசகரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். இனி அப்படி ஒரு வாசகத்தோடு வரும் விளம்பரம் இங்கே இடம்பெறாது.

அன்று பெரியம்மா குட்டானை எறியவில்லை. கழுவி, வெயிலில் காயவைத்து, மிளகு போட்டு வைத்தார். ஓலை உண்மையான பனையாயிற்றே. உடைந்த கட்டியை என்ன செய்தார் என்று பார்த்தோம். அலுமாரியைத் திறந்து, சீனிப் போத்தலின் மூடியைக் கழற்றி, உள்ளே போட்டார்.

“அதுட இடம் அதுதான்கா.”

அரை நிமிடத் திருத்தம். அதிகாரிகளிடம் நாங்கள் கேட்பதும் இதைத்தான்.